சோப்புத் திரிவும் தண்ணீர்க் குழாயும்

(புதுச்சேரியில் அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களும் ஒன்றாக அமர்ந்திருக்கும் கூட்டம் இது. இரு சாராருக்கும் பொதுவான ஒரு பாடத்திலிருந்து தொடங்குகிறேன். கடின நீர். நான்காம் வகுப்பில் "சில ஊர்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காது" என்று சொல்கிறோம். மேல் வகுப்பில் அதையே கொஞ்சம் விரித்து, நீரில் கரைந்துள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகள் சோப்புடன் சேர்ந்து கரையாத திரிவை உண்டாக்குகின்றன, இதனால் சோப்பு வீணாகிறது என்று எழுதிப்போடுகிறோம். இரண்டு மதிப்பெண் வினா. அதோடு பாடம் முடிந்தது.

வீணாகிறது என்று நாம் சொல்லிவிட்டுப் போகும் அந்தத் திரிவை, மூட்டை மூட்டையாகக் காசு கொடுத்து வாங்கும் ஆட்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளில் பிளாஸ்டிக் வேலை செய்யும் எந்தக் கூடத்துக்குள் போனாலும் அந்த வெள்ளைத் தூள் இருக்கும். மூட்டையின் மேல் "கால்சியம் ஸ்டியரேட்" என்று அச்சிட்டிருக்கும். தயாரிக்கும் முறை வேறு, தூய்மை வேறு. மற்றபடி உங்கள் வீட்டுக் குளியலறை வாளியின் உட்புறத்தில் வெள்ளையாகப் படிந்திருக்கும் பொருளும் அதுவும் ஒரே குடும்பம்.

என்னைப் பற்றி ஒரு வரி. பாலிடெக்னிக்கில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். அதற்கு முன்பு ஆறு ஆண்டுகள் ஒரு பி.வி.சி. குழாய்க் கூடத்தில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன். அங்கே கற்றதில் பாடநூலுக்குள் வராமல் நின்றுபோன பகுதியைத்தான் இன்று பேசப் போகிறேன். நம் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீரும் இதற்குள் வருகிறது.

தண்ணீரின் அருமை புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடற்கரையை ஒட்டிய தெருக்களில் கிணற்று நீர் உப்புக் கரிக்கும். பாரதி பூங்காவில் நிற்கும் ஆயி மண்டபமே தண்ணீருக்காக எழுந்த மண்டபம்தான். ஆயி என்ற பெண் தன் மாளிகையை இடித்துவிட்டு அந்த இடத்தில் குளம் வெட்டினாள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. பின்னாளில் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்கு நல்ல தண்ணீர் கொண்டுவரப்பட்டபோது, அவள் நினைவாக அந்த மண்டபம் கட்டப்பட்டது. குழந்தைகளைச் சுற்றுலா அழைத்துப் போகும்போது வெள்ளை மண்டபத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். தண்ணீர்ப் பாடத்தை அங்கேயே நடத்தலாம்.

சரி, திரிவு என்றால் என்ன? சோப்பு என்பது ஒரு நீண்ட வாலும் ஒரு சிறிய தலையும் கொண்ட பொருள். வால் கொழுப்பிலிருந்து வந்தது. ஸ்டியரிக் அமிலம் என்றால் 18 கார்பன்கள் கொண்ட சங்கிலி. அதற்கு எண்ணெய் பிடிக்கும், தண்ணீர் பிடிக்காது. தலையில் சோடியம் இருக்கும் வரை அது தண்ணீரில் கரையும். அதுதான் நம் குளியல் சோப்பு. கடின நீரில் போட்டால் சோடியத்தின் இடத்தைக் கால்சியம் பிடித்துக்கொள்கிறது. கால்சியத்துக்கு இரண்டு கைகள். ஆகவே இரண்டு வால்களைச் சேர்த்துப் பிடிக்கும். வால் கனத்து, தலை அடங்கிப்போகும். அதன் பிறகு தண்ணீரில் கரையாது. பால் திரிந்ததுபோல் பிரிந்து மேலே வந்து நிற்கும். கால்சியத்துக்குப் பதில் துத்தநாகம், மெக்னீசியம், காரீயம் என்று எந்த உலோகத்தை வைத்தாலும் இதே கதைதான். இவற்றுக்கெல்லாம் பொதுப் பெயர் உலோக சோப்புகள். பெயரில் சோப்பு உண்டு, அழுக்குப் போகாது.

கொழுப்புக்குள் அமிலம் இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர், மிஷேல் எழேன் ஷெவ்ரல். 1811-இல் பன்றிக் கொழுப்பிலிருந்து செய்த ஒரு சோப்பை ஆராயப் போய், 1823-இல் கொழுப்புகளைப் பற்றிய தன் பெரிய நூலை வெளியிட்டார். ஸ்டியரிக் என்ற பெயர் அவர் வழியாக வந்ததே. கிரேக்கத்தில் கெட்டிக் கொழுப்பு என்று பொருள். 1825-இல் கே லூசாக்குடன் சேர்ந்து, இந்த அமிலத்திலிருந்து மெழுகுவத்தி செய்வதற்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் தொழிலாக அது ஓடியது 1831-க்குப் பிறகு, தெ மிய்யி என்பவர் விலை மலிவான சுண்ணாம்பைக் கையில் எடுத்தபோதுதான். கொழுப்போடு சுண்ணாம்பைச் சேர்த்துக் காய்ச்சினால் கால்சியம் சோப்பு. அதில் கந்தக அமிலத்தை ஊற்றினால் சுண்ணாம்பு பிரிந்து ஸ்டியரிக் அமிலம். ஆக நாம் குளியலறையில் தேய்த்துக் கழுவும் திரிவு, பாரிஸ் நகரின் மெழுகுவத்திகளுக்கு இடைப்படிப் பொருளாக இருந்திருக்கிறது. ஷெவ்ரல் 102 வயது வரை வாழ்ந்தார். ஈஃபில் கோபுரத்தில் பொறித்துள்ள 72 பெயர்களில் அவர் பெயரும் உண்டு. அதே கோபுரத்தில் ரெனோ என்ற இன்னொரு வேதியியலாளரின் பெயரும் இருக்கிறது. அவர்தான் 1835-இல் வினைல் குளோரைடு வாயுவை முதலில் தயாரித்தவர். பி.வி.சி. என்பது அந்த வாயுவின் மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்ததுதான். ஒரே கோபுரத்தில் சோப்பும் பி.வி.சி.யும் இருக்கின்றன; நம் ஊர்த் தொழிற்பேட்டையில் இரண்டும் ஒரே மிக்சருக்குள் விழுகின்றன.

இவ்விரண்டுக்கும் இன்னும் நெருங்கிய உறவு ஒன்று உண்டு. மரக்காணம் போகும் வழியில் உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த உப்பில் இருப்பது சோடியமும் குளோரினும். உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தினால் ஒரு பக்கம் குளோரின், இன்னொரு பக்கம் காஸ்டிக் சோடா. நம் காலாப்பட்டிலேயே இந்த வேலை நடக்கும் ஆலை இருக்கிறது. காஸ்டிக் சோடா சோப்புக்குப் போகும். குளோரின் போகும் இடங்களில் ஒன்று பி.வி.சி. எடைக்கணக்கில் பி.வி.சி.யில் பாதிக்கு மேல், அதாவது சுமார் 57 விழுக்காடு, குளோரின்தான். தமிழ்நாட்டில் 1960களிலேயே மேட்டூரில் பி.வி.சி. ரெசின் உற்பத்தி தொடங்கிவிட்டது. நமக்குப் பக்கத்திலுள்ள கடலூரில் 2009-இல் தொடங்கிய ஆலை, கப்பலில் வந்திறங்கும் வினைல் குளோரைடிலிருந்து ரெசின் செய்கிறது. ரெசின் என்றால் சலித்த மைதாபோல வெண்மையான ஒரு மாவு. அதைக் குழாயாக்குவது நம் தொழிற்பேட்டைகளின் வேலை.

அந்த வேலையில்தான் சிக்கல். மற்ற பிளாஸ்டிக்குகளைச் சூடாக்கினால் உருகும், ஆறினால் இறுகும். பி.வி.சி.க்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. அதைக் குழாயாக வார்க்க 160 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடு வேண்டும். ஆனால் 100 டிகிரியைத் தாண்டியதுமே அது மெல்ல உடையத் தொடங்கிவிடும். சங்கிலியில் சில இடங்களில் குளோரின் பிடிப்புத் தளர்ந்து நிற்கும். சூட்டில் அது கழன்று, பக்கத்து ஹைட்ரஜனோடு சேர்ந்து ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவாகப் போய்விடும். கழன்ற இடத்தில் இரட்டைப் பிணைப்பு. இரட்டைப் பிணைப்புக்கு அடுத்து நிற்கும் குளோரினின் பிடி இப்போது தளர்ந்துவிட்டது. அதுவும் கழலும். பிறகு அதற்கு அடுத்தது. புத்தகப் பையின் ஜிப்பு ஓரிடத்தில் விட்டுப்போனால் கடைசி வரை பிரிந்துகொண்டே போவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அதேதான். போதாததற்கு, வெளியேறும் அமிலமே இந்தப் பிரிதலை இன்னும் விரட்டும். இரட்டைப் பிணைப்புகள் வரிசையாகச் சேரச் சேர நிறம் ஏறும்: முதலில் மஞ்சள், பிறகு பழுப்பு, கடைசியில் கரி. கேரட்டின் நிறத்துக்கும் இதே மாதிரியான வரிசைப் பிணைப்புகள்தான் காரணம். மேல்நிலை வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

இப்படித் தானே கருகிப்போகும் பொருளைத் தொழிலாக்க முடியாது என்றுதான் நெடுநாள் விட்டுவைத்திருந்தார்கள். அமெரிக்காவில் வால்டோ செமன் 1926-இல் அதை மென்மையாக்கும் வழியைக் கண்டார். சூட்டில் கருகாமல் நிறுத்தும் பொருள்களும் அதன்பின் தேடிப் பிடிக்கப்பட்டன. உலோக சோப்புகள் இங்கேதான் வந்து நிற்கின்றன. வேலை இரண்டு. ஒன்று வழுக்க வைப்பது, மற்றொன்று கருகாமல் காப்பது.

முதல் வேலைக்கு முறுக்கு நாழியைவிட நல்ல விளக்கப்படம் எனக்குத் தெரியாது. எக்ஸ்ட்ரூடர் என்பது கை ஓயாமல் பிழியும் ஒரு பெரிய முறுக்கு நாழி. மாவை அழுத்தித் தள்ளச் சுழலும் திருகு, மாவு வெளிவரும் இடத்தில் அச்சு. மாவில் வெண்ணெய் சேர்க்காமல் பிழிந்து பாருங்கள்; கை வலித்துவிடும், முறுக்கின் மேல் சொரசொரப்பு இருக்கும். நாழியின் உள்ளே எண்ணெய் தடவாவிட்டால் மாவு சுவரில் ஒட்டிக்கொள்ளும். சமையலறையில் இந்த இரண்டையும் நாம் தனித்தனியாகவே செய்கிறோம். மாவுக்குள் பிசைந்த வெண்ணெய் மாவு மாவோடு உரசுவதைக் குறைக்கிறது. நாழியில் தடவிய எண்ணெய் மாவு உலோகத்தோடு உரசுவதைக் குறைக்கிறது. தொழிற்கூடத்தில் முன்னதை உள்வழுக்கி, பின்னதைப் புறவழுக்கி என்று சொல்லலாம். உலோக சோப்பின் தலை, சூடான இரும்புச் சுவரையும் பி.வி.சி. சங்கிலியின் குளோரின் பக்கத்தையும் நாடும். வால்கள் வெளிப்புறம் நீட்டிக்கொண்டு நடுவில் ஒரு வழவழப்பான படலமாக நிற்கும். துத்தநாக ஸ்டியரேட் சுமார் 120 டிகிரியில் உருகும். கால்சியம் ஸ்டியரேட் உருகச் சுமார் 150 டிகிரி வேண்டும். எது எந்தக் கட்டத்தில் உருகி வேலைக்கு வருகிறது என்பதைப் பார்த்துத்தான் அளவு போடுவார்கள். அளவும் கொஞ்சம்தான். 100 கிலோ ரெசினுக்குக் கால்சியம் ஸ்டியரேட் அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ.

அதிகம் போட்டால் இன்னும் நன்றாக வழுக்கும்தானே என்று மாணவர்கள் கேட்பார்கள். வெண்ணெய் கூடிப்போன முறுக்கு எண்ணெயில் விழுந்ததும் என்ன ஆகும்? உதிர்ந்து கரைந்துவிடும். இங்கும் அப்படித்தான். வழுக்கல் கூடினால் திருகு மாவைப் பிசைய முடியாமல் சறுக்கும். ரெசின் துகள்கள் ஒன்றோடொன்று முழுதாக இணையாது. குழாய் பார்க்கப் பளபளப்பாக இருக்கும். சுவரில் ஆணி அடிக்கும்போது பட்டால் சில்லுச் சில்லாகப் போகும். எங்கள் கூடத்தில் இருந்த மூத்த ஆபரேட்டர் ஒருவர், ஹாட் மிக்சரிலிருந்து 120 டிகிரியில் இறங்கும் கலவையை ஒரு பிடி எடுத்து விரல்களுக்கு இடையே உருட்டிப் பார்த்தே ஸ்டியரேட் கூடியதா குறைந்ததா என்று சொல்லிவிடுவார். அவர் படித்தது எட்டாம் வகுப்பு. அவர் சொன்ன பிறகுதான் நான் தராசைத் தேடுவேன்.

இரண்டாவது வேலையான காத்தல்தான் வேதியியலாக மிக அழகானது. துத்தநாக சோப்பு சுறுசுறுப்பானது. பிடி தளர்ந்த குளோரினை அது முன்கூட்டியே எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் தன் கொழுப்பு வாலைக் கட்டிவிடுகிறது. ஜிப்பில் ஒரு முடிச்சுப் போட்டதுபோல. மேற்கொண்டு பிரியாது. ஆனால் குளோரினை வாங்கிக்கொண்ட துத்தநாகம் துத்தநாகக் குளோரைடாக மாறிவிடும். அது பொல்லாதது. அதுவே சங்கிலியிலிருந்து குளோரினைப் பிடுங்கத் தொடங்கும். காவலுக்கு வைத்த ஆளே கைவரிசை காட்டுவதுபோல் ஆகிவிடும். அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்கும் கால்சியம் சோப்பு, துத்தநாகத்திடமிருந்து குளோரினை வாங்கிக்கொண்டு தன் வாலைத் துத்தநாகத்துக்குக் கொடுத்துவிடுகிறது. துத்தநாகம் பழையபடி சோப்பாகித் திரும்ப வேலைக்குப் போகும். கால்சியம், கால்சியம் குளோரைடாகி அமைதியாக உட்கார்ந்துவிடும். அதனால் தொல்லை இல்லை. கரும்பலகையில் இதை இரட்டைச் சிதைவு வினை என்று எழுதிப் போட்டு, பேரியம் குளோரைடும் சோடியம் சல்பேட்டும் என்ற ஒரே எடுத்துக்காட்டை ஆண்டுதோறும் தருகிறோம். இதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

கால்சியம் தீர்ந்துபோனால்? துத்தநாகக் குளோரைடு சேர்ந்துகொண்டே வந்து, ஒரு நொடியில் மொத்தமும் கருத்துவிடும். மெல்ல மஞ்சளாகி எச்சரிக்கை தராது. ஆகவே இரண்டையும் எந்த விகிதத்தில் போடுவது என்பதும், உதவிக்கு வேறு எதைச் சேர்ப்பது என்பதும் பெரிய கலை. இப்போது எல்லாம் சேர்ந்து ஒரே பொட்டலமாக வருகிறது; கூடங்களில் "ஒன் பேக்" என்பார்கள்.

இங்கே காரீயத்தைப் பற்றிப் பேச வேண்டும். முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். தமிழில் ஈயம் என்றால் இரண்டு உலோகங்கள். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும் வெள்ளீயம். அது வேறு. பழைய வண்ணப்பூச்சிலும் பேட்டரியிலும் இருக்கும் காரீயம் வேறு. வகுப்பில் வெறுமனே "ஈயம் நஞ்சு" என்று சொல்லி அனுப்பினால், பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பாட்டியின் ரசச் சொம்பைத் தூக்கிப் போடச் சொல்லும். இப்படி ஒரு பாட்டி பள்ளிக்கே வந்து ஆசிரியையிடம் நியாயம் கேட்டதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். பாட்டி பக்கம்தான் நியாயம்.

நம் நாட்டுக் குழாய்க் கூடங்களில் பல பத்தாண்டுகள் ஆட்சி செய்தது காரீயம். காரீய ஸ்டியரேட்டும் காரீய சல்பேட் வகையும் சேர்த்துப் போடுவோம். ஏன் அதை அவ்வளவு விரும்பினார்கள் என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். காரீயம் குளோரினைப் பிடித்துக் காரீயக் குளோரைடாகும். அது துத்தநாகக் குளோரைடைப்போல் திரும்பித் தாக்காது. விலை குறைவு. மின்சாரம் நின்று போனால் அதன் அருமை தெரியும். எக்ஸ்ட்ரூடருக்குள் கலவை 180 டிகிரியில் நிற்கிறது, திருகு சுழலவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். காரீயம் போட்ட கலவை சற்றுப் பொறுத்திருக்கும். கால்சியமும் துத்தநாகமும் போட்டது அவ்வளவு பொறுக்காது. கருகிவிட்டால் கூடம் முழுக்க மூக்கை அரிக்கும் அமிலப் புகை, இயந்திரத்தை முழுவதும் பிரித்துச் சுரண்ட வேண்டும், ஒரு ஷிப்டு போச்சு. சிறு முதலாளி காரீயத்தை விடத் தயங்கியதற்கு இது ஒரு காரணம். கெட்ட எண்ணம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

ஆனால் அதன் விலையை வேறு யாரோ கொடுத்தார்கள். நான் வேலை பார்த்த கூடத்தில் அந்தத் தூளைச் சட்டியால் அள்ளி எடை போடுவது ஹெல்ப்பர்களின் வேலை. முகமூடி என்று எதுவும் கிடையாது. தோளில் கிடக்கும் துண்டுதான். அதே கையோடு டீ, அதே சட்டையோடு வீடு. வாசலில் ஓடிவந்து கட்டிக்கொள்ளும் குழந்தை. அந்தக் குழந்தை மறுநாள் காலையில் யாருடைய வகுப்பில் உட்கார்ந்திருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

காரீயம் உடலுக்குள் போனால், உடல் அதைக் கால்சியம் என்று எண்ணி எலும்பில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. இரண்டுக்கும் மின்சுமை ஒன்றே; ஆள்மாறாட்டம் எளிது. உட்கொண்ட காரீயத்தில் பெரியவர்கள் உறிஞ்சுவதைப்போல் 4 முதல் 5 மடங்கு சிறு குழந்தைகள் உறிஞ்சக்கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்றும் அது சொல்கிறது. வளரும் மூளையைத்தான் அது முதலில் தொடும். கவனக் குறைவு, கற்றலில் பின்தங்கல், இரத்தசோகை. காய்ச்சலைப்போல் வெளியே தெரியாது. "படிப்பு ஏறவில்லை" என்று நாம் எழுதிவிடும் பிள்ளைகளில் யாருக்கேனும் இது இருக்கிறதா என்பதை இரத்தப் பரிசோதனை இல்லாமல் சொல்ல முடியாது. நம் கணிப்பில் கொஞ்சம் இடம் விட்டுவைப்பது நல்லது.

நாடு இதைப் படிப்படியாக வெளியேற்றி வருகிறது. காரீயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நின்றது. வீட்டு வண்ணப்பூச்சுகளில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற 2016-ஆம் ஆண்டு விதி 2017-இல் நடைமுறைக்கு வந்தது. குழாய்க்கு நேரமாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் தொழில்துறையினரே முன்வந்து 2015 முடிவுக்குள் காரீய நிலைப்படுத்திகளை விட்டுவிட்டார்கள். இங்கே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் வலியுறுத்திய பிறகு, ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2021-இல் பி.வி.சி. குழாய்களிலும் இணைப்புகளிலும் காரீய நிலைப்படுத்திகளைக் கட்டுப்படுத்தும் விதிகளை அறிவித்தது. குடிநீரில் காரீயத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 வைத்திருக்கும் எல்லை லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்.

"அப்படியானால் எங்கள் பள்ளியில் இருக்கும் பழைய குழாய்?" இடைவேளையில் ஒரு தலைமையாசிரியர் கேட்டார். பயப்பட வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன், பதற வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். குழாய்க்குள் இருக்கும் காரீயத்தில் பெரும்பகுதி பிளாஸ்டிக்குக்குள் சிறைப்பட்டிருக்கிறது. குழாய் புதிதாக இருக்கும்போது உட்பரப்பில் உள்ளது முதலில் கரைந்து வரும். பிறகு படிப்படியாகக் குறையும். தண்ணீர் நெடுநேரம் தேங்கி நின்றால் கூடும், தண்ணீரில் அமிலத்தன்மை இருந்தாலும் கூடும். குழாயைவிடச் சில வேளை பித்தளைத் திருகுகளிலிருந்து வருவது அதிகம். ஆகவே கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில், தொட்டியைக் கழுவியதோடு நிற்காமல், எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டு, தேங்கிய தண்ணீர் முழுவதும் போன பிறகே குடிக்க விடுங்கள். திங்கட்கிழமை காலையிலும் ஓரிரு நிமிடம் திறந்துவிட்டால் போதும். அந்தத் தண்ணீர் செடிக்குப் போகட்டும். காய்ச்சினால் காரீயம் போகாது, நீர் வற்றுவதால் செறிவு கூடும். இதைச் சத்துணவு ஊழியர்களுக்கும் சொல்ல வேண்டும். தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பும்போது கடினத்தன்மை, குளோரைடு ஆகியவற்றோடு காரீயத்தையும் சோதித்துத் தரும்படி தனியாக எழுதிக் கேளுங்கள். புதுக் குழாய் போடும்போது குழாயின் மேலேயே ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4985 என்ற எண்ணும் அச்சாகியிருக்கும். ஒப்பந்தக்காரர் வந்து இறக்கும் அன்றைக்கே ஒரு மாணவனை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

கழற்றிய பழைய குழாய்த் துண்டுகளைக் கைவினைக்கென்று அறுக்க விடாதீர்கள். அறுக்கும்போது பறக்கும் தூளில் எல்லாம் இருக்கிறது. போகியன்று பழைய குழாயும் மின்கம்பி உறையும் நெருப்புக்குப் போகக் கூடாது. எரிந்தால் பாதிக்கு மேல் குளோரின் என்றேன் அல்லவா, அது அமிலப் புகையாகும். காரீயம் சாம்பலில் தங்கும். சாம்பல் தெருவில் தங்கும்.

வகுப்பறைக்கு வருகிறேன். தொடக்க வகுப்புக்கு மூன்று கண்ணாடிப் புட்டிகள் போதும். ஒன்றில் மழைநீர், ஒன்றில் நகராட்சித் தண்ணீர், ஒன்றில் வீட்டுக் கிணற்று நீர் அல்லது போர்த் தண்ணீர். சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கி, நுரை நிற்க எத்தனை சொட்டு என்று எண்ணச் சொல்லுங்கள். கடற்கரைப் பக்கத்துப் பிள்ளைக்கும் வில்லியனூர்ப் பிள்ளைக்கும் எண்ணிக்கை ஒன்றாக வராது. அங்கேயே பேச்சு தொடங்கிவிடும். ஒரு எச்சரிக்கை: துணி சோப்பு என்று கடையில் கிடைப்பதில் பல டிட்டர்ஜென்ட் கட்டிகள். அவை திரியாது. உறையைப் படித்து, உண்மையான சோப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

மேல் வகுப்பில், சோப்புச் சீவலை வெந்நீரில் கரைத்து மூன்றாகப் பிரியுங்கள். ஒன்றில் சுண்ணாம்புத் தெளிநீர், ஒன்றில் துத்தநாக சல்பேட், ஒன்றில் மயில்துத்தக் கரைசல். துத்தநாக சல்பேட்டுக்கு ஆய்வக நிதியைக் காத்திருக்க வேண்டாம். நெல்வயலுக்கு இடும் ஜிங்க் சல்பேட் உரக்கடையில் கிடைக்கும். முதலிரண்டும் வெள்ளைத் திரிவு, மூன்றாவது நீலப்பச்சை. தாமிரத்தின் கையெழுத்து அது. வடிகட்டிக் கழுவி உலர்த்துங்கள். விரலால் தேய்த்தால் வழுவழுப்பு தெரியும். வீட்டு சோப்பில் பல வகைக் கொழுப்பு அமிலங்கள் கலந்திருப்பதால் சற்றுப் பிசுக்காகத்தான் வரும். ஆலைத் தூள்போல் வராது. காரீய உப்புகளை மட்டும் இந்தச் சோதனைக்கு எடுக்க வேண்டாம், அலமாரியில் பழைய புட்டி இருந்தாலும். பி.வி.சி.யைச் சூடாக்கிக் காட்டவும் வேண்டாம். பி.வி.சி. துண்டும் குடத்தின் உடைந்த துண்டும் தண்ணீரில் போட்டால் முன்னது மூழ்கும், பின்னது மிதக்கும், அது போதும்.

குடம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அதில் குளோரின் கிடையாது, கருகாது. ஆனாலும் அந்த பிளாஸ்டிக்கிலும் சிறிதளவு கால்சியம் ஸ்டியரேட் போடுவதுண்டு. அதைத் தயாரிக்கப் பயன்படும் வினையூக்கியில் கொஞ்சம் குளோரைடு தங்கிவிடும்; அது பின்னால் அமிலமாகி இயந்திர அச்சுகளை அரிக்காமல் பிடித்துவைக்கத்தான். மெக்னீசியம் ஸ்டியரேட் மாத்திரைகளில் இருக்கிறது. மாத்திரை அழுத்தும் அச்சில் மருந்து ஒட்டாமல் இருக்க. மருந்து ஆலைக்குப் போகும் பெற்றோர் நம் ஊரில் ஏராளம். பிள்ளைகளிடம் "அப்பா, அம்மா என்ன வேலை?" என்று கேட்டு அலுவலகப் படிவத்தில் நிரப்பிவிட்டு விடுகிறோம். "அங்கே எந்தத் தூளைக் கலக்கிறார்கள், ஏன்?" என்று இன்னொரு கேள்வி கேட்கச் சொல்லி அனுப்பலாம். பதில் வீட்டிலிருந்தே வரும். எடை போடும்போது முகமூடி போட்டுக்கொள்கிறாரா என்பதும் அதோடு சேர்ந்து வரும்.

முன் மேசையில் சிறு பொட்டலங்களாகக் கால்சியம் ஸ்டியரேட் வைத்திருக்கிறேன்; பள்ளிக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். தூள் மிக மெல்லியது, மின்விசிறியின் கீழ் பிரிக்க வேண்டாம். ஒரு தம்ளர் தண்ணீரின் மேல் தூவிவிட்டு விரலை மெதுவாக அழுத்தி எடுத்தால் விரல் நனையாமல் வரும். காலையில் நீங்கள் போட்டு வைத்த மூன்று திரிவுகளும் அடுத்த அறையில் இதற்குள் வடிந்திருக்கும். போய்ப் பார்ப்போம், வாருங்கள்.